மேற்கணக்கு ஏறாத ஜீப்

தம்பி ஜீப் வாங்கப் போனபோது என்னையும் கூப்பிட்டான். எனக்குப் புதுவண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறவன் நான். ஆனாலும் போனேன். அம்மாவுக்காகத்தான் வண்டி என்று அவன் சொல்லியிருந்தான்.

அம்மாவுக்கு இருதயம் சரியில்லை. மாதம் ஒரு தடவை கண்டி ஆஸ்பத்திரியில் கிளினிக். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில்தான் எங்கள் வீடு; அது மேற்கணக்கில் இருக்கிறது, அதாவது தோட்டத்தின் மேல் டிவிஷனில். ஃபெக்டரி வரைக்கும் தார் ரோடு. அதற்கு மேலே கல்லும் சேறும்தான். லொறியில் ஏறி உட்கார அம்மாவால் முடியாது. ஆட்டோக்காரன் பெரிய வளைவில் எல்லோரையும் இறங்கச் சொல்லிவிடுவான். நெஞ்சு நோயாளி மூச்சு வாங்கிக்கொண்டு நடக்க, காலி ஆட்டோ முன்னால் போகும். இந்தக் கண்றாவியை நான் வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். தம்பிக்குக் கண்டியில் அலுவலக வேலை, சொந்த வீடு. அவன் பார்த்ததில்லை.

கட்டுகஸ்தோட்டையில் வாகனம் விற்கிற இடம். ஒரே மாதிரி இரண்டு ஜீப் நின்றன. ஒன்றுக்கு ஆயிரம் சீசீ எஞ்சின், மற்றதற்கு ஆயிரத்தைந்நூறு. விற்கிறவர் மடவளைக்காரர், நல்ல வாய்.

"சின்னதுதான் சேர் இப்ப எல்லாரும் எடுக்கிறது. டர்போ. மலையில பறக்கும்," என்றார்.

"உங்க மடவளையில பறக்கும். எங்க ரோட்ட நீங்க பாத்திருக்கீங்களா?" என்றேன்.

"இல்ல அண்ணே. கூட்டிப் போனா பாப்பேன்." சிரித்தார்.

தம்பியும் சிரித்தான். "அண்ணன் லொறி ஓட்டுற ஆளு. அவருக்கு எந்த எஞ்சினும் பத்தாது."

எனக்குக் கோபம் வந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "தண்ணிப் போத்தல் சைஸ்ல ஒரு எஞ்சின். நாலு பேர் ஏறினா மேற்கணக்குக்கு ஏறவே ஏறாது. பெருச எடு."

தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "நிச்சயமா ஏறாதா அண்ணே?"

"சத்தியமா ஏறாது."

அவன் சின்ன எஞ்சினை எடுத்தான்.

பெற்றோல் குறைவாகக் குடிக்கும், வரியும் குறைவு என்றான். நானும் நம்பினேன். அதற்குப் பிறகு அந்த ஜீப் மேற்கணக்குக்கு வந்ததே இல்லை. தீபாவளிக்கு வந்தாலும், கோயில் திருவிழாவுக்கு வந்தாலும் ஃபெக்டரிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, மனைவி மூக்கைச் சுளிக்க நடந்து வருவான். யாராவது கேட்டால் என்னைக் கைகாட்டுவான். "அண்ணன்தானே சொன்னாரு, ஏறாதுன்னு." லயத்து வாசலில் ஒரு ஜீப் நின்றால் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் வந்து கேட்பார்கள். அது அவனுக்குத் தெரியும். அவனும் அந்த லயத்தில் வளர்ந்தவன்தானே.

கிளினிக் நாட்களில் ஃபெக்டரி வரை வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போவான். திரும்ப அங்கேயே இறக்கிவிடுவான். மேலே ஏறுவது அம்மாவின் பாடு.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் கிளினிக் முடிந்து மூன்று பேரும் வந்தோம். நல்ல மழை. தம்பிக்கு ஒரு அழைப்பு வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே சாவியை என்னிடம் நீட்டினான். "திருப்பி நிப்பாட்டுங்க அண்ணே." ஃபெக்டரிக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்குள் போய்விட்டான்.

பின்சீட்டில் அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்துப் போயிருந்தது.

நான் திருப்பவில்லை. நேரே மேலே விட்டேன்.

ஏறியது. பெரிய வளைவில் டயர் ஒரு தடவை வழுக்கிப் பிடித்தது, அவ்வளவுதான். கியர்கூட மாற்றத் தேவையில்லாத வண்டி. அது ஏற ஏற எனக்கு வயிறு எரிந்தது. லயத்து வாசலில் நிறுத்தினேன்.

அம்மா உடனே இறங்கவில்லை. முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஏறுச்சுன்னு அவங்கிட்ட சொல்லிறாதய்யா."

"ஏம்மா? இப்பவே போய் அவன் மூஞ்சியில கேக்கிறேன்."

"கேட்டு என்ன செய்யப் போற? ஏறாதுன்னு சொல்லிக்கிட்டுதான் ஃபெக்டரி வரைக்குமாச்சும் வர்றான். அதையும் கெடுத்திறாத."

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான்தான் முட்டாள்.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுக் கீழே வந்து ஃபெக்டரிப் பைப்பில் தண்ணீர் பிடித்து டயரில் இருந்த செம்மண்ணைக் கழுவினேன். லொறி டயரைக்கூட அப்படிக் கழுவியதில்லை. கழுவி முடிக்கும்போது தம்பி கடையிலிருந்து வந்தான்.

"அம்மா எங்க?"

"நடந்து போயிட்டாங்க."

"இந்த மழையிலயா?"

"வேற என்ன செய்றது? உன் வண்டிதான் ஏறாதே."

அவன் டயரைப் பார்த்தான். பிறகு மலையைப் பார்த்தான். "பெரிய எஞ்சினே எடுத்திருக்கணும் அண்ணே," என்றான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போய்விட்டான்.

அடுத்த கிளினிக்கும் வந்தது. அம்மா வளைவில் கிடக்கிற கல்லில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். நான் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.