வாயிலையிருந்து ரெண்டரைச் சாண்

சிரிப்பு வந்தால் சிரியுங்கோ, அதைத்தான் சொல்ல வந்தனான். செத்தவருக்குப் போடுற முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாசிச்சுச் சிரிக்கக்கூடாதெண்டு ஒரு புராணப் படிப்பிலையும் நான் கேட்கேல்லை. எங்கடை சிவபாதம் அத்தானைப் பற்றி அழுதழுது எழுதினால் அவருக்கே பிடியாது.

அவர் என்ரை அக்கா ஈஸ்வரியின்ரை புருஷன். நீர்வேலியிலை வாழைத்தோட்டம் செய்தவர். சிலம்பமும் வாள்வீச்சும் அவருக்கு மூச்சு மாதிரி. அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வாளோடை நிக்கேக்கை, வயித்திலை வெள்ளரி மாதிரிக் கெக்கரிக்காயை வைச்சுக்கொண்டு மரப்பலகை வாங்கிலை ஒரு பொம்பிளை படுத்திருப்பாளெல்லோ, அது நான்தான், மலர்.

அவர் செத்த சேதி வரேக்கை நான் பிள்ளையார் கோயில் வாசலிலை அறுகம்புல்லு ஆய்ஞ்சுகொண்டிருந்தனான். அக்கா ரெலிபோனிலை, "அத்தான் கர்லாக்கட்டை சுத்திப்போட்டு வந்து இருந்தவர். தேத்தண்ணி கேட்டவர். கொண்டுவர முந்திப் போட்டாரடி" எண்டா. அவ எப்பவும் அவ்வளவுதான் கதைப்பா. எழுபது தாண்டியும் ஒரு நாள் படுக்கையிலை கிடக்காத மனுஷன், ஆரையும் சோலிப்படுத்தாமல் போட்டார். புல்லைப் பிள்ளையாரின்ரை காலடியிலை போட்டிட்டு ஓடினன்.

அவரைத் தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். விடிய எழும்பி நல்லெண்ணெய் பூசுவார். பிறகு கர்லாக்கட்டை. உலக்கையைக் குட்டையாக்கி அடியைப் பருக்க வைச்ச மாதிரி ஒரு மரக்கட்டை அது, அதைத் தலையைச் சுத்திச் சுத்தி எடுக்கவேணும். அது முடிய வாழைக்கு நடுவாலை பின்பக்கமா ஓடுவார்.

"அத்தான், எல்லாரும் முன்னுக்குத்தானே ஓடுறவை" எண்டு கேட்டன்.

"பின்னுக்கு ஓடினாத்தான் நீர் கதைக்க வாறது தெரியும். தப்பலாம்" எண்டவர்.

கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்டவேணுமெண்ட ஆசை அவருக்கு ஐம்பத்தைஞ்சு வயதுக்குப் பிறகுதான் வந்தது. முதலிலை வாழைத்தண்டை வாங்கிலை வைச்சுப் பழகினார். பேந்து ஆள் வேணுமெண்டு அக்காவைப் படுக்கவைச்சார். அக்கா கல்லு மாதிரிக் கிடந்தா. அத்தான் வாளைத் தூக்கினவர், கனநேரம் நிண்டவர், கீழை விட்டிட்டார். "இவ கிடக்கிறாவோ எழும்பிப் போட்டாவோ எண்டே விளங்கேல்லை" எண்டு சொல்லிப்போட்டு என்னைப் பாத்தார். "மலர், நீர் வாரும்."

எங்கடை இவர், என்ரை மனுஷன், பக்கத்திலை நிண்டவர். "அத்தான், காயை மட்டும் வெட்டுங்கோ. எனக்குச் சமைக்கத் தெரியாது" எண்டு சொன்னார். என்னிலை அவருக்கு அவ்வளவு பாசம்.

எனக்கும் பயிற்சி நடந்தது, லேசில்லை. வயித்திலை செம்பு நிறையத் தண்ணி வைச்சுக்கொண்டு கிடக்கவேணும். ஒரு சொட்டுச் சிந்தக்கூடாது. ஆனால் கதைச்சுக்கொண்டே கிடக்கவேணும். "வாய் ஆடலாம், வயிறு ஆடக்கூடாது" எண்டுவார். "கதைச்சால் பயம் வராது." எனக்கு ஆரும் கதையெண்டு சொல்லவேணுமே? தேவாரத்திலை தொடங்குவன், முடிய முதல் சந்தையிலை கத்தரிக்காய் வித்த விலையிலை நிப்பன்.

ஒரு மாதத்துக்குப் பிறகுதான் வாளை எடுத்தவர். துவாயை நாலா மடிச்சு வயித்திலை போட்டு, அதுக்கு மேலை கெக்கரிக்காய். காய் ரெண்டாப் பிளக்கவேணும், துவாயிலை ஒரு நூல் அறக்கூடாது. வெட்டி முடிய என்னைப் பாக்கமாட்டார். துவாயை வெய்யிலிலை விரிச்சுப் பிடிச்சு நூல் நூலாப் பாப்பார். "அத்தான், நான் இஞ்சை உயிரோடைதான் இருக்கிறன்" எண்டு நான்தான் சொல்லவேணும்.

எங்கடை ஊரிலை ரெண்டு வருஷம் சனத்துக்கு முன்னாலை இந்த வித்தை ஒரு பிழையும் இல்லாமல் நடந்தது. பிறகு சித்திரை வருஷ விளையாட்டு விழாவுக்குப் புத்தூர்ச் சனசமூக நிலையத்திலையிருந்து அழைப்பு வந்தது. அங்கை தில்லையர் எண்டொருவர், அவரும் வாள்காரர். அவரின்ரை வாய் வாளிலும் கூர். அவரின்ரை ஊரிலை, அவருக்கு முன்னாலை அத்தான் செய்து காட்டவேணும். பிழைச்சால் முப்பது வருஷப் பேர் போயிடும். அத்தான் சிரிச்சுக்கொண்டுதான் திரிஞ்சவர், எனக்குத்தான் நித்திரையில்லை.

அதாலை நேத்தி வைச்சன். "பிள்ளையாரே, அத்தானை வெல்லவையும். அண்டைக்கு விடியத் தொடங்கி விளக்கு வைக்கிற நேரம் மட்டும் நான் வாய் திறக்கன்" எண்டு. மற்றவை கற்பூரம் கொளுத்துவினம், தேங்காய் உடைப்பினம். எனக்கு எது கஷ்டமோ அதைக் குடுத்தன்.

அத்தான் காலமையே புத்தூருக்குப் போட்டார். நானும் இவரும் பின்னேரம்தான் போய்ச் சேர்ந்தனாங்கள். அத்தானுக்குக் கண்ணைக் கட்டியாச்சு. நான் போய் வாங்கிலை படுத்தன், இவர் துவாயையும் காயையும் வைச்சார். அத்தான் வந்து நிண்டு வாளைத் தூக்கினார்.

வாள் இறங்கேல்லை.

"மச்சாள்" எண்டு மெல்லக் கூப்பிட்டார். நான் வாய் திறக்கேல்லை. "மச்சாள், ஏதும் கதையும்." நான் பயந்துபோய்க் கிடக்கிறனெண்டு நினைக்கிறார், பாவம் எண்டு யோசிச்சு, பயமில்லையெண்டு காட்ட ஒரு வடிவான சிரிப்புச் சிரிச்சன். கண்ணைக் கட்டின மனுஷனுக்கு.

அவர் வாளைக் கீழை விட்டார். கண்கட்டை அவிட்டார். "இண்டைக்குக் கை வரேல்லை. எல்லாரும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டு கும்பிட்டார். பின்னாலையிருந்து தில்லையர், "என்ன சிவபாதம் அண்ணை, துருப்பிடிச்சது வாளோ ஆளோ?" எண்டு கேட்க, சனம் கொல்லெண்டு சிரிச்சுது.

ஓட்டோ எங்கடை கோயிலடிக்கு வரேக்கை விளக்கு வைச்சிட்டினம். நான் வாய் திறந்தன். "ஏன் அத்தான் வெட்டேல்லை?"

"நீர் ஏன் கதைக்கேல்லை?"

நேத்தியைச் சொன்னன். அவர் சொன்னார்: "மலர், உம்மடை வாயிலையிருந்து ரெண்டரைச் சாண். அதுதான் என்ரை குறி. வேறை ஒரு வித்தையும் இல்லை. சத்தம் வாற இடத்தை வைச்சுத்தான் வாளை இறக்கிறனான். நீர் கதைக்காட்டில் எனக்கு நீர் எங்கை கிடக்கிறீர் எண்டே தெரியாது."

பயத்துக்கு மருந்தெண்டு நினைச்சு நான் கதைச்ச கதையெல்லாம் அவருக்குக் கண்ணா இருந்திருக்கு. "இதை ஏன் முதலே சொல்லேல்லை அத்தான்?"

"சொன்னால் நீர் யோசிச்சுக் கதைப்பீர். யோசிச்சுக் கதைச்சால் குரல் இறுகிப்போம்" எண்டவர், "இதை ஒருத்தருக்கும் சொல்லாதேயும். சாமிக்கு வைச்ச நேத்தியைப் புத்தூரார் பகிடியாக்கப் போகினம்" எண்டும் சொன்னார். சனம் சிரிக்குமெண்டு தெரிஞ்சும், வீசாமல் வாளை விட்டவர். நாலு பேரின்ரை கைதட்டுக்காக ஒரு குருட்டு வீச்சு வீசியிருந்தால், இதை எழுத நான் இருந்திருக்கமாட்டன்.

ஒரு வருஷம் அந்தப் பகிடியைச் சுமந்தவர். சந்தையிலை, "அண்ணை, வாழைக்குலையாவது வெட்டுவியளோ?" எண்டு கேட்பினம். "குலை வாய் திறக்காது, அதாலை கஷ்டம்தான்" எண்டு தானும் சிரிப்பார். எனக்குத்தான் வயிறு எரியும்.

அடுத்த சித்திரைக்கும் புத்தூரார் கூப்பிட்டவை, சிரிக்கத்தான். நான் ஏலாதெண்டன். "நீர் வராட்டில் நானும் போகேல்லை" எண்டிட்டார். போனம். வாங்கிலை படுத்தன், காய் வந்தது. அத்தான் கண்ணைக் கட்டிக்கொண்டு நிண்டார். நான் தேவாரத்திலை தொடங்கினன். ரெண்டு வரிதான் வந்தது. அதுக்குப் பிறகு என்ரை வாய் என்ரை சொல்லுக் கேட்கேல்லை.

"புத்தூர்ச் சனங்களே, தில்லையரும் கேளுங்கோ. போன வருஷம் அத்தான் வெட்டாமல் விட்டது கை வராததாலை இல்லை. நான்தான் மௌனம் எண்டு நேத்தி வைச்சிட்டு வாயை மூடிக்கொண்டு கிடந்தனான். இந்த மனுஷன் என்ரை சத்தத்தை வைச்சுத்தான் வெட்டுறவர். எனக்குப் பட்டிடுமெண்டுதான் தன்ரை பேரைக் கெடுத்தவர், ஒரு வருஷமா ஒருத்தருக்கும்..."

வயித்திலை ஒரு குளிர் காத்துப் பட்டமாதிரி இருந்தது. காய் ரெண்டு பக்கமும் உருண்டு விழுந்துது.

அத்தான் கண்கட்டை அவிட்டு, வழக்கம்போலத் துவாயை வெய்யிலிலை விரிச்சுப் பாத்தார். ஒரு நூல் அறேல்லை. "மச்சாள், உமக்கு வாய் கூடிப்போச்சு" எண்டார். ஆனால் கண் கலங்கியிருந்தது. தில்லையர் எழும்பி வந்து அத்தான்ரை கையைப் பிடிச்சவர். "வாள் உங்கடை, கண் மச்சாளின்ரை. இதை முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை?" எண்டு கேட்டவர். வித்தையின்ரை ரகசியம் வெளியிலை வந்திட்டுது, இனி ஆரும் பாக்க வராயினம் எண்டு நினைச்சன். மாறித்தான் நடந்தது. பிறகு சனம் வாளைப் பாக்க அரைவாசி, நான் என்ன கதைக்கப்போறன் எண்டு கேட்க அரைவாசி எண்டு வந்தது.

செத்த வீட்டண்டு அவரைக் கிடத்தியிருக்கேக்கை எனக்கு வாயே வரேல்லை. முதல் தரமா, நேத்தியில்லாமல். எல்லாரும் அழுகினம், நான் சும்மா நிக்கிறன். அக்கா வந்து என்ரை கையைப் பிடிச்சா. "கதையடி. நீ கதைக்காட்டில் அவருக்கு எந்தப் பக்கமெண்டு தெரியாது" எண்டா.

அதுக்குப் பிறகு நான் நிப்பாட்டேல்லை. தலைமாட்டிலை நிண்டு தேவாரம் பாடினன். இந்தமுறை இதரை வாழை குலை நல்லாப் போட்டிருக்கு எண்டு சொன்னன். தில்லையர் பொல்லூண்டிக்கொண்டு வந்து வாசலிலை நிக்கிறார், துருப்பிடிச்சது அவர்தான் எண்டும் சொன்னன். அந்தத் துவாயை அக்கா நாலா மடிச்சு அவரின்ரை நெஞ்சிலை போட்டுவிட்டா. பாடை படலையைத் தாண்டினது. ஒழுங்கைப் பாதை முடியிற மட்டும் பின்னாலை கதைச்சுக்கொண்டே போனன். பொம்பிளையள் அதுக்கங்காலை போறேல்லை, அங்கை நிண்டு குரலை மட்டும் கூட்டினன்.

போட்டு வாங்கோ அத்தான். பிள்ளையார் முன்னுக்கு நிப்பார். நான் பின்னுக்குக் கதைச்சுக்கொண்டு வருவன்.

அட, இப்பதான் ஞாபகம் வருது. அந்த முதல் வருஷம் புத்தூரிலை வெட்டாமல் விட்ட கெக்கரிக்காய். அதை அத்தான் கையோடை வீட்டை கொண்டுவந்து பழுக்கவிட்டு விதை எடுத்து வைச்சவர். அக்காவின்ரை வேலியிலை இப்பவும் படர்ந்து கிடக்கிறது அதின்ரை வழிதான். இண்டைக்கு முப்பத்தோராம் நாள் பந்தியிலை உங்கடை இலையிலை போட்டிருக்கிற கெக்கரிக்காய்ப் பச்சடியும் அந்தக் கொடிதான்.