படத்தில் இல்லாத வழி

மண்டைக்காட்டைத் தாண்டி மேற்கே நடந்துகொண்டிருந்தேன். ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் காவல் வேலையை முந்தின நாள்தான் விட்டிருந்தேன். கடற்கரை ஊர் ஒன்றில், அலைத்தடுப்புச் சுவரை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மா டீ போடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கள்ளக்கடல் எச்சரிக்கை: காற்றே இல்லாதபோதும், எங்கோ தொலைவில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறிவிடும். அலை, காற்று, கடல் ஏற்றம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, சாயங்காலம் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று நிறம் தீட்டிய படம் வந்திருந்தது. அவர் தெரு பச்சை. பயமில்லை என்று அர்த்தம். ஆனாலும் அவர் போனைக் கீழே வைக்கவில்லை. கடைக்குப் பின்னால்தான் வீடு. தொடை எலும்பு முறிந்த கணவர் அங்கே கட்டிலில் கிடந்தார்.

காரணம் எதிரிலேயே இருந்தது. மீன்பிடி வள்ளங்களைக் கரையேற்றுவதற்காக ஊர்க்காரர்கள் சுவரில் கல்லைப் பெயர்த்து வழி விட்டிருந்தார்கள். இந்தப் படத்துக்காகச் சுவரை அளக்க ஆட்கள் வந்த அன்று மட்டும், மண் சாக்கு அடுக்கி, மேலே வலையைப் போட்டு மறைத்துவிட்டார்கள். அதனால் கம்ப்யூட்டருக்குள் சுவர் முழுசாக நின்றது.

"இந்த வழியச் சொல்லிரட்டா?" என்றார் அம்மா.

"எக்கா, போன வையி," என்றான் அவர் தம்பி. "சொன்னா நாளைக்கே கல்லக் கொண்டு அடைச்சிருவானுவ. வள்ளத்த உன் டீக்கடையிலயா ஏத்துவேன்?"

"ஏலே, வள்ளத்த நீ தள்ளிக்கிட்டு ஓடிருவ. இந்த மனுசன யாரு தள்ளுவா?"

எச்சரிக்கையில் இருந்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார். மறுமுனையில் ஒரு பெண் பொறியாளர். திட்டவில்லை, வழியின் அகலம் மட்டும் கேட்டார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அங்கே கிடந்த துடுப்பால் நான் அளந்து சொன்னேன்.

அவர் மறுபடி கணக்கிடும்வரை காத்திருந்தோம். காற்றே இல்லை. கடல் சும்மா கிடந்தது.

புதுப் படத்தில் தெரு சிவப்பு.

நாலு பேர் அவரைக் கட்டிலோடு தூக்கினோம். தலைமாட்டைப் பிடித்தது தம்பிதான்.

"மெள்ள மக்கா! கடலு வாறதுக்கு முன்ன நீங்களே தீத்துருவியோ?" என்றார் கட்டிலில் கிடந்தவர்.

மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் அவரை இறக்கிய கொஞ்ச நேரத்தில், தண்ணீர் அந்த வழியாகவே நுழைந்து வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது.

காலையில் பொறியாளர் வந்தார். "அடைச்சா எப்படி இருக்கும், வள்ளத்துக்குத் திறக்குற மாதிரி பலகைக் கதவு போட்டா எப்படி இருக்கும்னு ரெண்டையும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்கணும். இந்த வழியோட உயரம் சரியா வேணும். அளவுகோல் பிடிக்க ஒரு ஆள் வாங்க."

ஊர்க்காரர் ஒருவரும் அசையவில்லை. தம்பி என்னைப் பார்த்தான்.

"நீ பிடி, மக்கா. உனக்குத்தான் வள்ளம் கெடையாதே."

கூலி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார் பொறியாளர். செருப்பைக் கழற்றிவிட்டு, கோலோடு அந்த வழியின் நடுவில் இறங்கி நின்றேன்.