எரிகோவின் ஜன்னலில் ஆயிரம் வாலா

எங்கள் அத்தைக்கு வம்சம் சொல்வதில் அப்படியொரு இஷ்டம். வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் இறக்க வந்தவராகவே இருந்தாலும், உட்காரவைத்து ஆரம்பித்துவிடுவார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் யார், அவருக்குப் பிறந்தவர் யார், சர்ச் கட்டியபோது மண் சுமந்தவர் யார் என்று வரிசையாக இறங்கி வருவார். தன் அப்பா பெயர் வரும்போது கொஞ்சம் கண்கலங்குவார். கடைசியில் என்னைக் காட்டி முடிப்பார். "எங்கப்பாவுக்கு நானும் ரெண்டு தம்பிமாரும். மூத்த தம்பிக்கு, இந்தா நிக்குதே, இந்தப் பிள்ளை."

அவ்வளவுதான். நடுவில் அம்மா என்று ஒருத்தி வரவே மாட்டாள். காப்பித் தட்டோடு பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருப்பாள், ஆனாலும் வர மாட்டாள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வேதத்திலும் ஆபிரகாம் தனியாளாகத்தான் ஈசாக்கைப் பெற்றிருந்தார், ஈசாக்கு தனியாளாகத்தான் யாக்கோபைப் பெற்றிருந்தார். அப்பாவும் அந்த மாதிரிதான் என்னைப் பெற்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்து தம்பிகளை வளர்த்தவர். சர்ச்சில் பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. அம்மா வெம்பக்கோட்டைப் பக்கத்தில் மாரியம்மனைக் கும்பிடுகிற வீட்டில் பிறந்தவள். சிவகாசியில் அப்பா வேலை பார்த்த காலண்டர் கம்பெனிக்குத் தினமும் வேனில் வந்து இறங்கினாள். அப்பா பார்த்தார், அப்புறம் என்ன! கல்யாணத்துக்கு முன்னாலேயே ஞானஸ்நானம் எடுத்து, பெயர் மாற்றி, ஜெபம் மனப்பாடம் செய்து, கேட்டதை எல்லாம் செய்து கொடுத்தாள். அத்தை மட்டும் 'வெம்பக்கோட்டைக்காரி' என்பதை விட்டு ஓரடி இந்தப் பக்கம் வரவில்லை.

ஆடி மாதம் தாய்மாமா இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பொரிகடலை கொடுப்பார். அதை அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்து, அத்தை ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பிய பிறகுதான் எனக்குத் தருவாள். அதனால் எனக்கு ஜெபக்கூட்டத்தின் மேல் சிறு வயதிலேயே பக்தி வந்துவிட்டது.

ஒருநாள் தலைவாரிக்கொண்டே அம்மா அத்தையைப் பற்றி அப்பாவிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "மதினி என்னைக் கொஞ்ச வேண்டாம். வந்தவுககிட்ட, இவ என் தம்பி பொண்டாட்டின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அம்புட்டுத்தான் நான் கேக்குறது." அப்பா, "சொல்லுவாக, சொல்லுவாக" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் சர்ச்சுக்குப் புதிதாக ஒரு போதகர் வந்தார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்பார்கள், அவர் மனைவி ஐயரம்மா. இந்த ஐயரம்மா நாகர்கோவில்காரர், சுறுசுறுப்பு ஜாஸ்தி. தீபாவளி சீசன் முடிந்து, ஊர் கொஞ்சம் மூச்சுவிட்டு எழுந்ததும் கிறிஸ்துமஸ் நாடகப் பேச்சு வந்தது. மாட்டுத்தொழுவமும் வேண்டாம், மேய்ப்பர்களும் வேண்டாம் என்று ஐயரம்மா சொல்லிவிட்டார். இயேசுவின் முன்னோர்களை மேடையேற்றுவோம், ஒவ்வொருவரிடமும் நாம் கற்க வேண்டிய விசுவாசம் ஒன்று இருக்கிறது என்றார். நாற்பது சொச்சம் முன்னோர்கள், சண்டே ஸ்கூல் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வேஷம் உண்டு என்றதும் தாய்மார்களுக்கு வாயெல்லாம் பல். ஐயரம்மா பெயர்களை வாசிக்க வாசிக்க அந்தப் பல் எல்லாம் உள்ளே போய்விட்டது.

தாவீது ராஜாவுக்கு அடிதடி. சாலொமோன் வேஷம் ஜரிகை அங்கவஸ்திரம் யார் வீட்டில் இருந்ததோ அந்தப் பையனுக்குப் போனது. ஆசோர், சாதோக்கு, ஆகீம், எலியூத்தைச் சீந்துவார் இல்லை.

"எம்மகன் ஆகீமா நிக்கிறானே, அந்த ஆகீம் அப்படி என்னதான் செஞ்சாரு?" என்று ஓர் அம்மா கேட்டார்.

ஐயரம்மா யோசித்துப் பார்த்தார். "எலியூத்தைப் பெத்தாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் எழுதல."

கடைசியில் பட்டாசுக் கடை வைத்திருந்த எங்கள் சித்தப்பாதான் சமாதானம் செய்தார். "அக்கா, சரத்துல ஆயிரம் வெடி இருக்கு. எதுக்காச்சும் தனிப்பேரு இருக்கா? நடுவுல ஒண்ணை உருவிப் பாருங்க, தீ அதுக்கு அங்கிட்டுப் போகாது. ஒங்க மகன்தான் அந்த ஒண்ணு." அந்த அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் அதையே சொந்தச் சரக்குபோலப் பிரசங்கத்தில் எடுத்துவிட்டார்.

அந்த வரிசையில் பெண்கள் ஐந்தே பேர்தான். மரியாளும் ரூத்தும் உடனே போணியாகிவிட்டார்கள். தாமார் கதையையும் உரியாவின் மனைவி கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வழியில்லை. ஆளுக்கொரு மெழுகுவர்த்தியைக் கொடுத்து, வாயைத் திறக்காமல் ஓரமாக நிற்கும்படி ஐயரம்மா ஏற்பாடு செய்தார். மிச்சமிருந்த ராகாப் என் தலையில் விழுந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் நான் கேட்டேன். "ராகாப்னா யாருத்தை?"

"வேசி!" என்று போட்டு உடைத்த அத்தை, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"வேசின்னா?"

அப்பா ஒரு செம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். சித்தப்பாதான் துணிந்து, "லாட்ஜ் வச்சிருந்தவுக, பாப்பா" என்றார்.

"எங்க வம்சத்துப் பிள்ளை ராகாபா நிக்கிறதா? ஐயரம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று அத்தை இலையை மூடிவிட்டு எழுந்தார்.

அத்தை வெறுங்கையோடு சண்டைக்குப் போகிறவர் அல்ல. இயேசுவின் முன்னோரில் வரும் ராகாப் வேறு, எரிகோ பட்டணத்து ராகாப் வேறு என்று நிரூபிக்கக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேதப்புத்தகத்தோடு உட்கார்ந்தார். இத்தனைக்கும் அவர் வருஷம் தவறாமல் அதை முழுதாகப் படித்து முடிக்கிறவர். முழுதாக என்றால், வம்சவரலாறு வரும் பக்கங்களை எல்லோரையும்போலத் தாண்டிவிட்டு. இப்போது முதல்தடவையாகத் தாண்டாமல் படித்தார். விரல்விட்டு எண்ணினார். முன்னால் போனார், பின்னால் வந்தார். இரண்டு மூன்று சாயங்காலம் இப்படியே போனது. ராகாப் மகன் போவாஸ், போவாஸ் கட்டியது மோவாப் தேசத்து ரூத்தை, அவர்கள் பேரன் ஈசாய், ஈசாயின் மகன் தாவீது ராஜா. எந்த விரலை மடக்கினாலும் அந்த ராகாப்தான் வந்து நின்றாள்.

அத்தை கண்ணாடியைக் கழற்றினார். அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். அங்கே அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "பாப்பா ராகாபாவே நிக்கட்டும்" என்று அத்தை சொன்னார். ராஜாவுக்குச் சொந்தக்காரி என்று தெரிந்ததும் அத்தைக்குப் பிடித்துப்போய்விட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

ராகாபின் கதையை எனக்குச் சொன்னவள் அம்மாதான். எரிகோவின் மதில்மேல் வீடு அவளுக்கு. உளவு பார்க்க வந்த இரண்டு இஸ்ரவேலரை ஒளித்துவைத்துக் காப்பாற்றினாள். ஜன்னலில் சிவப்புக் கயிறு கட்டிவை, பட்டணம் விழும்போது உன் வீட்டைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படியே நடந்தது. அவளும் அந்த ஜனத்தோடேயே கலந்துபோனாள். "அவளும் வேற சாமி கும்பிட்டவதான்" என்று சொல்லிவிட்டு அம்மா என் பாவாடைக்கு நாடா கோத்தாள்.

காலண்டர் அட்டைகளை ஒட்டி அப்பா எரிகோ மதிலைச் செய்தார். சிவப்பு ரிப்பன்களை முறுக்கி அம்மா கயிறு திரித்தாள். நாடகத்தன்று அதைப் பார்த்த சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார். "பின்வரிசைக்கு இது எங்கிட்டுத் தெரியும் மதினி? இருங்க." கடைக்கு ஓடிப்போய் ஆயிரம் வாலா சரவெடி ஒன்றைக் கொண்டுவந்தார்.

"என்ன கொழுந்தனாரே இது!" அம்மா பதறினாள்.

"டம்மி மதினி. ஷோவுக்குத் தொங்கவிட்டது. உள்ள மருந்து கிடையாது."

"மெய்யாவா?"

"பட்டாசுக்காரன்கிட்டயே கேக்கீகளா?"

அம்மா அதை என் ஜன்னலில் கட்டினாள். செக்கச்செவேல் என்று தரைவரைக்கும் தொங்கியது, என்ன அழகு! வேறு ஊராக இருந்தால் பார்த்தவுடன் யாராவது அலறியிருப்பார்கள். எங்கள் ஊர்க் கண்ணுக்கு அது கனகாம்பரச் சரம் மாதிரி. ஐயரம்மா அதைக் காகித மாலை என்றே நினைத்து, கலர் எடுப்பாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

சர்ச் வளாகத்தில் போட்டிருந்த மேடையில் முன்னோர்கள் வரிசையாக நின்றோம். என் காட்சி வந்தது. எக்காளத்தோடு யோசுவாவின் படை எரிகோவை ஏழு தரம் சுற்ற வேண்டும், கடைசிச் சுற்றில் எல்லாரும் ஆர்ப்பரிக்க மதில் விழ வேண்டும். படை மூன்றாவது சுற்றில் இருந்தது. உரியாவின் மனைவியாக நின்றவளின் அம்மா கூட்டத்தில் இருந்து போனைத் தூக்கி, "இங்கிட்டுப் பாரு, சிரி" என்று சத்தம் கொடுக்க, அவள் மெழுகுவர்த்தியோடு என் ஜன்னல் பக்கம் சாய்ந்தாள்.

டம்மி கடையிலேயே பத்திரமாக இருந்திருக்கிறது.

எரிகோ மீதி நாலு சுற்றுக்குக் காத்திருக்கவில்லை. படபடவென்று ஆரம்பித்ததும் எக்காளம் ஒரு பக்கம், படை ஒரு பக்கம். எங்கே போகிறோம் என்று தெரியாமலேயே விசுவாசத்தால் புறப்பட்டேன் என்று வாயால் சொல்ல வேண்டிய ஆபிரகாம் அதைச் செய்தே காட்டினான். தாவீது ராஜா கிரீடத்தை விட்டுவிட்டு ஓடினார். ஆகீம் மட்டும் அசையவில்லை. நடுவில் ஒன்று போனால் தீ அங்கிட்டுப் போகாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்களே, அவன் காதைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றான். மதில் என் மேல் சாய்வதற்குள் சித்தப்பா பாய்ந்து வந்து என்னை அக்குளில் இடுக்கிக்கொண்டு குதித்தார். யார் யாரோ மணல் வாளிகளைக் கவிழ்த்தார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை. என் பாவாடைக் கரையும் ஒரு சடையின் நுனியும் பொசுங்கியதோடு போயிற்று.

புகை அடங்கியதும் சபைச் செயலாளர் மேடைக்கு ஏறினார். மைக் அணையாமல் இருந்தது அவருக்குத் தெரியாது. "யாரு கட்டுனது இதை?" என்றார். அம்மா முன்னால் வந்தாள். சித்தப்பா வாயைத் திறப்பதற்குள், "அதானே பார்த்தேன்! விக்கிரகம் கும்பிடுற வீட்டுல இருந்து வந்தவளுக்குக் கோயில் மரியாதை என்ன தெரியும்? வந்த இடம் அப்படி" என்று அவர் சொல்லிவிட்டார். வளாகம் முழுவதும் கேட்டது.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா எழுந்தார், ஆனால் அத்தை முந்திக்கொண்டார். முழங்கால் வலிக்காரர், அந்தப் படிகளில் எப்படி ஏறினாரோ தெரியாது.

"ஏலே, ஒனக்கு சண்டே ஸ்கூல்ல மூக்குத் தொடச்சுவிட்டவ நான். எனக்கு முன்னால வம்சம் பேசுறியா? ராகாபு எங்க இருந்து வந்தா? ரூத்து எங்க இருந்து வந்தா? அவுக ரெண்டு பேரையும் வெளிய தள்ளிட்டா தாவீது எங்க இருந்து வருவாரு, ஒங்க வீட்டுல இருந்தா?" அத்தை அம்மாவின் கையைப் பிடித்து மேடையின் நடுவுக்கு இழுத்தார். "எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க. இவ என் தம்பி பொண்டாட்டி. எங்க வீட்டு ஆளு. இவளைப் பேசுறவன் என்னையப் பேசுனவன்."

அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதாள். அத்தை அவள் முகத்தைத் தன் தோளோடு சேர்த்து அமுக்கிக்கொண்டார். ஐயரம்மா அழுதார். பெண்கள் சங்கம் மொத்தமும் மூக்கை உறிஞ்சியது.

எனக்கோ வந்ததே ஆத்திரம். வெடித்தது என் ஜன்னல். பொசுங்கியது என் சடை. சாகப் பிழைக்கக் கிடந்தவள் நான். என்னை ஒருவரும் கட்டிக்கொள்ளவில்லை, திட்டக்கூட ஆள் இல்லை. நான் ஓவென்று கத்தி அழுததும், பிள்ளை பயந்துவிட்டது என்று யாரோ கையில் ஒரு கலர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு மறுபடியும் அம்மாவைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவும் அத்தையும் முன்னால் போனார்கள். அத்தை இன்னும் அந்தக் கையை விடவில்லை. நான் அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்தேன். "அம்மாவுக்கு ஒண்ணுமே ஆகலையேப்பா, அப்புறம் எதுக்கு எல்லாரும் அம்மாவையே பிடிச்சுக்கிட்டு இருக்காக?"

அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அம்மாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.