சோலார் பேனலின் நிழல் விழும் மாடி

போன வருடம் நாங்கள் கெலமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் முருங்கை மரத்தை வெட்டிவிட்டார். அவர் மாடியிலுள்ள ரோஜாத் தொட்டிகளில் நிழல் விழுகிறதாம். திரும்பி வந்து பார்த்த என் மனைவி ஸ்டெல்லா அன்று சாப்பிடவே இல்லை.

இன்று சோலார் பேனல் வைக்க எங்கள் மொட்டை மாடியை அளந்தார்கள்.

"வடக்கு ஓரத்துலதான் சார் நாள் பூரா வெயிலு. ஆனா நிழல் பக்கத்து மாடியில விழும், பரவால்லயா?" என்றார் அளக்க வந்தவர்.

பக்கத்து வீட்டுக்காரர் பதறி எட்டிப் பார்த்தார். "அண்ணா, கொஞ்சம் தள்ளிப் போடுங்கண்ணா. செடியெல்லாம் பூக்காம போயிடும்."

நான் வாய் திறப்பதற்குள் ஸ்டெல்லா அளக்க வந்தவரிடம் சொன்னாள்: "ஸ்டாண்டை இன்னும் ரெண்டடி தூக்கியே போடுங்க. நிழல் நல்லா நீளமா விழட்டும்."

அப்படியே முடிவானது. மதியம் வீட்டில் பிரியாணி.

பாவம் பார்க்கச் சொல்பவர்கள் கமெண்டில் சொல்லலாம். பதில் ஸ்டெல்லா போடுவாள்.