ஏழுமலையின் சிஸ்டம் பேசாமல் போன திங்கட்கிழமை

எழுத்துக்கும் எனக்கும் வெகு தூரம். பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். கம்ப்யூட்டரை முறையாகப் படித்தவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் என் தப்புகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பார்சல் ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு உதவுமே என்றுதான் எழுதத் துணிந்தேன்.

1. அப்கிரேட்

எங்கள் லாரி பார்சல் சர்வீசுக்கு ஹெட் ஆபீஸ் விழுப்புரம். பில் போடத்தான் சேர்ந்தேன். சிஸ்டம் மக்கர் செய்யும்போதெல்லாம் கிட்டப் போய் உட்கார்ந்து, கடைசியில் அந்த வேலையும் என் தலையில் வந்தது. எல்லாக் கிளையிலும் கம்ப்யூட்டர் ஓடுவது லினக்ஸில். பழைய வெர்ஷனுக்கு அப்டேட் வருவது நின்றுபோனது. புதிய பில்லிங் பக்கமும் அதில் திறக்கவில்லை. கிளை கிளையாக அப்கிரேட் செய்யச் சொன்னார் முதலாளி.

திண்டிவனம் கிளைக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். பேக்கப் எடுத்துவிட்டு அப்கிரேட் செய்தேன். பில் வந்தது, பிரிண்டர் ஓடியது, நெட் வந்தது. நாத்தனார் வீட்டில் தங்கி, காலையில் ஓர் எட்டு பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று இருந்தேன்.

காலையில் ஏழுமலை வந்தார். பார்வை இல்லாதவர். பார்சல் எங்கே வருகிறது என்று கேட்கும் போன்களுக்குப் பதில் சொல்வது அவர் வேலை. ஒரு காதில் போன், இன்னொரு காதில் ஹெட்போன். திரையில் உள்ளதை ஸ்கிரீன் ரீடர் அவருக்குப் படித்துச் சொல்லும். அந்தக் குரல் ஓடும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அவருக்கு அதுதான் கண்.

ஹெட்போனை மாட்டிக் கீயைத் தட்டினார். மறுபடி தட்டினார்.

"கலாக்கா, இன்னா பண்ணீங்க? சத்தமே காணோம்."

2. சீட்

ஏதோ ஒரு லைப்ரரி, அதாவது அந்தக் குரல் ஓடத் தேவையான துணை ஃபைல், இல்லை என்று எர்ரர் காட்டியது. லினக்ஸோடு ரெடிமேடாக வரும் பேக்கேஜ்களின் லிஸ்டில் தேடினால் அந்தக் குரலே இல்லை. பேக்கேஜில் வரும் சாதாரணக் குரலைப் போட்டேன். அது பேசியது. ஆனால் உச்ச வேகத்தில் வைத்தும் ஏழுமலைக்கு அது நகரவே இல்லை. அனந்தபுரத்திலிருந்து மோட்டார் ஸ்பேர் பார்சலைக் கேட்டவர், "யோவ், தூங்கிக்கினே பேசறியா?" என்று போனை வைத்துவிட்டார். பழைய வெர்ஷனுக்கே திரும்பினால் பில் போட முடியாது.

கிளை மேனேஜர் தனசேகர் சார் வந்து நின்றார். "இது வேலைக்கி ஆவாதும்மா. மல்லாட்டை அறுவட சீசனு, போனு நிக்காம அடிக்குது. ஏழுமல, நீ கொஞ்ச நாளு கொடோன்ல இரு. நான் மொதலாளிகிட்ட வேற ஆளு கேக்கறேன்."

"கொடோன்ல எனக்கு இன்னா சார் வேல? மூட்டைங்களுக்குக் கத சொல்லவா?"

வேறு ஆள் வந்து அந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டால் ஏழுமலைக்கு அது திரும்பக் கிடைக்காது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"சாயந்தரம் வரிக்கும் டைம் குடுங்க சார். அதுவரிக்கும் நான் படிச்சிச் சொல்றேன்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

3. புது மிஷின்

ஏழுமலையின் காதோரம் உட்கார்ந்து திரையைப் படித்தேன்.

"அக்கா, பேரு, அட்ரஸ்லாம் வாணாம். பில் நம்பரு, வண்டி நம்பரு, எங்க வருது. அவ்ளோதான். ஜல்தி ஜல்தி!"

எனக்கு நாக்கு குழறியது. போனில் இருந்த ஒருவருக்கு என் முணுமுணுப்பு கேட்டிருக்கிறது. "இன்னாப்பா, பக்கத்துல யாரோ பேசறாங்க?"

"புது மிஷினுங்க. கொஞ்சம் வெக்கப்படுது" என்றார் ஏழுமலை.

சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு கொஞ்சம் சத்தமாகப் படிக்க வந்தது.

4. அருள்

அந்தக் குரலைப் போட்டுக்கொடுத்தது யார் என்று ஏழுமலையிடம் கேட்டேன். அவரோடு ஹாஸ்டலில் இருந்த அருளாம். விழுப்புரத்தில் ஓர் ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். அவருக்கும் பார்வை இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டோம்.

"பேக்கேஜ்ல தேடினா எப்டிக்கா கெடைக்கும்? அது நான் கையால கம்பைல் பண்ணது. ஸ்பீடு பத்தலன்னு இன்னொரு லைப்ரரிய சேத்துப் போட்டேன். சோர்ஸ் ஃபோல்டரு ஏழுமல லாகின்லயே இருக்கும், பாருங்க."

இருந்தது. கையால் போட்டதை அப்கிரேட் அழிக்கவில்லை. அது எந்த லைப்ரரியை நம்பி ஓடியதோ அதை மாற்றிவிட்டது. சோர்ஸ் என்கிற மூல நிரலிலிருந்து அதைப் புதிய வெர்ஷனிலேயே மறுபடி உருவாக்க வேண்டும், அதுதான் கம்பைல்.

அருள் போனில் கமாண்ட் சொல்ல நான் அடித்தேன். எர்ரர் வந்தால் நான் படிக்க வேண்டும். "சுருக்காதீங்கக்கா. புள்ளி, கோடு எல்லாத்தயும் படிங்க." வாயில் நுழையாத ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. தன் சாப்பாட்டை விட்டுவிட்டு லைனில் இருந்தார். டூட்டி முடிந்ததும் அவரே திரும்பக் கூப்பிட்டார்.

கம்பைல் முடிந்தது. ஆனாலும் சிஸ்டம் பேக்கேஜ் குரலையே எடுத்தது. எந்தக் குரல் என்று எழுதிவைத்திருக்கும் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரியை மாற்றச் சொன்னார். மாற்றி, லாக் அவுட் செய்து மறுபடி லாகின் செய்தோம்.

ஏழுமலை கீயைத் தட்டினார். "வந்துடுச்சிக்கா" என்றார். அதற்குள் போன் அடித்தது. "கண்டாச்சிபுரம் பார்சலுங்களா? வண்டி விக்கிரவாண்டி தாண்டிடுச்சிங்க." நான் கேள்வியைப் புரிந்துகொள்வதற்குள் அவர் பதில் சொல்லி முடித்திருந்தார்.

தனசேகர் சார் எட்டிப் பார்த்துவிட்டு எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். வேறு ஆள் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

நான் கற்றது இது. அப்கிரேட் செய்யும் முன் பேக்கேஜ் லிஸ்டை மட்டும் நம்பக்கூடாது. கையால் போட்டது என்னென்ன, யார் போட்டது, சோர்ஸ் எங்கே என்று கேட்க வேண்டும். முடிந்த பிறகு, அந்த சீட்டில் உட்காருகிறவர் சரி என்று சொன்னால்தான் வேலை முடிந்தது. இதை எனக்குச் சொல்லித்தந்த அருளுக்கும், அன்று முழுக்க என்னிடம் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லாத ஏழுமலைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் ஏழுமலை லீவு. மகளுக்குக் காது குத்து, முன்பே சொல்லிவைத்திருந்தார். போன்களைத் தனசேகர் சார் எடுத்தார். மதியத்துக்குள் ஹெட் ஆபீசில் இருந்த என்னை இரண்டு தடவை போனில் கூப்பிட்டு, "ஏழுமல நாளைக்கி வந்துடுவான் இல்ல?" என்று கேட்டார்.