வெள்ளிக்கிழமைத் தெள்ளு

முதல் கடி என்ர வலக்கால் கணுக்காலில. நுளம்பு எண்டு நினைச்சு ஒரு அடி அடிச்சனான். அடுத்த நாள் பார்த்தால் மூண்டு சிவப்புப் புள்ளி, வரிசையாய். நுளம்பு உப்பிடி வரிசை பார்த்துக் கடிக்காது எண்டு இவர் சொன்னார். இவர் எண்டால் என்ர மனுசன். எதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்காமல் சோறு இறங்காத ஆள். அண்டைக்கு அவர் கண்டுபிடிச்சது பூனையை.

எங்கட பூனை பெட்டை. வெள்ளை, முதுகில மஞ்சள் திட்டு. நான் புளியங்கூடலில வீட்டில இருந்து உடுப்புத் தைக்கிறனான். அவள் நாள் முழுக்க என்ர தையல் மெசினுக்குக் கீழ, மிதிக்கிற பலகையில படுத்திருப்பாள். காலால தள்ளித் தள்ளித்தான் நான் தைக்கிறது. எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. அதுக்காகப் பூனையைப் பிள்ளை எண்டு சொல்லுற விசர்க் கதை எனக்குப் பிடிக்காது. பூனை பூனைதான். ஆனால் காலுக்குக் கீழ அவள் இல்லாட்டி எனக்கு ஒரு தையலும் நேராய் வராது.

வயித்து மயிரை விலக்கிப் பார்த்தம். மண்ணிறத்தில ஒண்டு ஓடிச்சுது. பிடிக்கப் போனன், துள்ளிச்சுது, பிறகு காணேல்லை. தெள்ளு.

விடுவனோ நான். வேப்பமிலை அவிச்ச தண்ணியில அவளைக் குளிப்பாட்டினன். அவள் என்ர கையைக் கீறிக் கோலம் போட்டாள். பேன் சீப்பால வாரி, வந்த தெள்ளுகளைச் சவுக்காரத் தண்ணிக்குள்ள போட்டுக் கொண்டன். படுக்கை விரிப்பு, தலகணி உறை எல்லாம் கொதிதண்ணியில ஊறப் போட்டு வெயிலில காயவிட்டன். இவர் வந்து, பூனைக்கு மண்ணெண்ணெய் பூசுவம் எண்டார்.

"முதல் உங்கட தலையில பூசிப் பாப்பம்" எண்டன். பிறகு அந்தக் கதை எடுக்கேல்லை.

புதன், வியாழன் ஒரு கடி இல்லை. அப்பாடா எண்டு இருக்க, சனிக்கிழமை விடியப் பழையபடி இரண்டு காலும் சொறி. திரும்பவும் வேப்பமிலை, திரும்பவும் சீப்பு. வியாழன் சுகம். சனி சொறி. அடுத்த கிழமையும் அச்சொட்டாய் அதே மாதிரி. தெள்ளுக்குக் கிழமை தெரியுமோ எண்டு நான் கேட்க, இவர் யோசிச்சுப் போட்டு, சனிக்கிழமைதானே, சனீஸ்வரனுக்கு எள்ளு எரிச்சுப் பாரும் எண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் அதையும் போய்ச் செய்தனான். எனக்குத் தலை விறைச்ச விறைப்புக்கு ஆர் என்ன சொல்லியிருந்தாலும் செய்திருப்பன்.

இந்த நேரம் பார்த்து மச்சாள் கனடாவில இருந்து ரெலிபோன் எடுத்தவ. இவற்ற அக்கா. அவவின்ர வீடு எங்கட வளவுக்குப் பக்கத்து வளவு. கன வருசமாய்ப் பூட்டிக் கிடக்குது, திறப்பு எங்களிட்ட. வெள்ளிக்கிழமையில வீடு இருண்டு கிடக்கக் கூடாது எண்டு, ஒவ்வொரு வெள்ளி பின்னேரமும் நான் போய் விறாந்தையும் சாமியறையும் கூட்டி, மஞ்சள் தண்ணி தெளிச்சு, விளக்குக் கொளுத்தி, அதைப் படம் எடுத்து அவவுக்கு அனுப்புறனான். மற்ற அறையளைத் திறந்து காத்துப் பட விடுறதோட சரி. எங்கட பக்கத்தில பூட்டின வீடுகள் எல்லாத்துக்கும் இப்பிடி ஒரு விளக்குக் கொளுத்துற ஆள் இருக்குது. பூனையும் எனக்குப் பின்னால வரும். நான் கூட்டி முடியுமட்டும் மச்சாளின்ர கட்டில் மெத்தையில ஏறிச் சுருண்டு கிடக்கும்.

அடுத்த மாதம் கோயில் கொடியேத்தத்துக்குப் பேரப்பிள்ளையோட வாறாவாம். பிள்ளைக்கு ஒரு சின்னக் கடி பட்டாலும் உடம்பு முழுக்கத் தடிக்குமாம். "பூனையை வச்சிருக்கிறதெண்டால் சொல்லுங்கோ, நான் யாழ்ப்பாணத்தில ஹோட்டலில நிக்கிறன்" எண்டா.

அந்த ஒரு சொல்லோட இவற்ற முகம் செத்துப் போச்சு. சொந்த வீடு பக்கத்தில இருக்க அக்கா ஹோட்டலில நிண்டால் ஊர் என்ன கதைக்கும். "காரைநகரில கொண்டுபோய் விட்டிட்டு வாறன்" எண்டார். பூனை கடல் கடந்தால் வழி தெரியாது. இஞ்ச உள்ளவை அங்க கொண்டுபோய் விடுறது, அங்க உள்ளவை இஞ்ச கொண்டுவந்து விடுறது. இரண்டு கரைப் பூனையளுக்கும் இதே பிழைப்பு.

இரண்டு கிழமை நான் சண்டை பிடிச்சனான். மூண்டாவது சனிக்கிழமை விடிய எழும்பினால் கணுக்காலில விரல் வைக்க இடமில்லை. நானேதான் சொன்னனான், சரி, கொண்டு போவம் எண்டு. இவரை விடேல்லை. இவர் எண்டால் இறங்கின இடத்திலயே அவிட்டு விட்டிட்டு வந்திடுவார். நான் கொண்டுபோனால் மீன் விக்கிற இடமாய்ப் பார்த்து விடலாம். அவ்வளவுதான் என்ர பெரிய மனசு.

உரச்சாக்கில காத்துப் போக ஓட்டை போட்டு அவளை உள்ளுக்கு விட்டுக் கட்டினன். ஊர்காவற்றுறைத் துறையில, ஆட்களும் மோட்டச்சைக்கிளும் ஒண்டாய் ஏறுற அந்தத் தட்டை வள்ளம், நாங்கள் பாதை எண்டு சொல்லுறது, அதில ஏறினன். பாதையில நிண்டு கயிறு பிடிக்கிற அண்ணை சாக்கைப் பார்த்தார்.

"என்ன பிழை செய்தது?"

"தெள்ளு, அண்ணை."

பக்கத்தில நிண்ட சனம் சாக்கை விட்டு ஒரு அடி தள்ளி நிண்டுது. அக்கரையில மீன் விக்கிற ஒரு மனுசியின்ர தட்டுக்குப் பக்கத்தில அவிட்டு விட்டிட்டு, திரும்பிப் பாராமல் அதே பாதையில வந்திட்டன். சாக்கை ஏன் மடிச்சுக் கொண்டு வந்தனான் எண்டு எனக்குத் தெரியாது.

அந்தக் கிழமை எனக்குத் தைக்க ஏலேல்லை. மிதிபலகை லேசாய்ப் போச்சு, கால் தன்ர பாட்டுக்கு ஓடுது. ஒரு சட்டைக் கையை மறுபுறமாய்த் தைச்சுப் போட்டன்.

வெள்ளிக்கிழமை வந்தது. முழுகிப் போட்டு, வீட்டில போடுற பூப்போட்ட சோட்டி எல்லாம் கொடியில ஈரமாய்க் கிடந்ததால, ஒரு வெள்ளைச் சோட்டியைப் போட்டுக்கொண்டு மச்சாள் வீட்டுக்குப் போனன். அறைகளைத் திறந்தன். விளக்குக் கொளுத்தக் குனிஞ்சால், சோட்டியின்ர கரையில எள்ளுத் தூவினது மாதிரி. பார்த்துக்கொண்டிருக்க அது மேல ஏறுது.

பூனை போய் ஆறு நாள். பிறகு இது ஆற்ற தெள்ளு? எரியிற நெருப்புக்குச்சி விரலைச் சுடுமட்டும் நான் அப்பிடியே நிண்டனான்.

கட்டில் கிடந்த அறைக்குள்ள போய் மெத்தையைக் கிட்டப் பார்த்தன். நடுவில பள்ளம் விழுந்த மாதிரி ஒரு இடம், நிறைய மயிர். கறுப்பு மயிர். யன்னலில ஒரு கம்பி கழண்டு கிடக்குது. எங்கட பூனையில கறுப்பு ஒரு பொட்டும் இல்லை.

திங்கள் விடிய ஊர்காவற்றுறைக்குப் போய் மிருக வைத்தியரைக் கண்டனான். சின்னப் பிள்ளை, ஆனால் விளங்கச் சொன்னவ. தெள்ளு பூனையில இருந்தாலும் முட்டை கீழ விழுந்து மெத்தையில, மூலையில, தூசிக்குள்ள கிடந்துதான் வளருமாம். பூட்டின வீட்டில தான் கட்டின கூட்டுக்குள்ள மாதக்கணக்காய்க் காத்துக்கொண்டு இருக்குமாம். ஆள் நடக்கிற அதிர்ச்சி பட்டால் வெளியில துள்ளுமாம்.

"அந்த வீட்டுக்கு ஆர் போறது, அக்கா?"

"நான்தான். வெள்ளிக்கு வெள்ளி."

 எனக்குச் சனிக்கிழமைச் சொறி விளங்கினது அந்தக் கதிரையில இருந்துதான். ஏதோ ஒரு கள்ளப் பூனை மச்சாளின்ர மெத்தையில குட்டி போட்டிட்டுப் போயிருக்குது. நான் விளக்கோட போய் எழுப்பி, என்ர சோட்டியிலயும் என்ர பூனையிலயும் ஏத்திக்கொண்டு வந்து, பிறகு அவளைப் பிடிச்சுக் குளிப்பாட்டி, சீப்பால வாரி, சாக்கில கட்டி. எனக்கு அழுகை வந்திட்டுது. பூனைப் பிடரியில விடுற மருந்து ஒரு சின்னக் குழாய் தந்தா. நாய்க்கு உள்ளதைப் பூனைக்கு விட்டிடாதேங்கோ, செத்துப் போகும் எண்டும் சொன்னா. பூனை இல்லை எண்டு நான் சொல்லேல்லை. வாங்கிக் கைப்பையில வச்சனான்.

மெத்தையை இவர் தனிய இழுத்துக்கொண்டு போய் எரிச்சார். கம்பியைப் பூட்டி, மூலை முடக்கெல்லாம் கூட்டி, வைத்தியர் சொன்ன மருந்தை அடிச்சார். அண்டைக்கு அவர் ஒரு காரணமும் கண்டுபிடிக்கேல்லை. 

நான் மூண்டு நாள் காரைநகருக்குப் போனனான். முதல் இரண்டு நாளும் காணேல்லை. மீன்கார மனுசி, "வெள்ளைப் பூனையோ, உங்கினைதான் திரிஞ்சது" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தா. மூண்டாம் நாள் ஒரு கவிழ்த்த வள்ளத்துக்குக் கீழ இருந்து வந்தாள். மெலிஞ்சு, ஒரு காது கிழிஞ்சு. என்னைக் கண்டு ஓடுவாள் எண்டு நினைச்சன். ஓடேல்லை. நேர வந்து காலில உரசினாள். மடியில வச்சுப் பிடரியில மருந்தை விட்டன். சாக்கை விரிச்சு வச்சன், எப்பிடிப் பிடிச்சு உள்ளுக்கு விடுறது எண்டு தெரியாமல். அவள் மணந்து பார்த்திட்டுத் தானாய் உள்ளுக்குப் போய்ச் சுருண்டு படுத்தாள்.

அது என்ன சாக்கு எண்டு அவளுக்குத் தெரியாதோ, தெரிஞ்சும் போனவளோ, இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை. இந்த முறை நான் வாயைக் கட்டேல்லை.

பாதையில அதே அண்ணை.

"என்ன, திருப்பிக் கொண்டு போறியள்? தெள்ளு போயிட்டுதோ?"

"அது என்ர காலில வந்த தெள்ளு, அண்ணை. பூனையில பிழை இல்லை."

அவர் என்ர காலைப் பார்த்தார். பிறகு கயிறைப் பிடிச்சபடி ஒரு அடி தள்ளி நிண்டார். பக்கத்தில நிண்ட சனமும் தள்ளிச்சுது. அவள் மட்டும் சாக்குக்குள்ளால தலையை நீட்டி, எங்கட கரை வருமட்டும் என்ர காலில தலையைச் சாய்ச்சுக்கொண்டு கிடந்தாள்.