என் தம்பியின் நெருங்கிய நண்பர்

என் தம்பி ஒரு கொலை செய்துவிட்டு ஆயுள் தண்டனையில் இருக்கிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து ஆரம்பிப்பவர்கள் மேல் எனக்கு இப்போது கடுப்பு அதிகம். அவனைப் பற்றி ஒருவர் முந்நூறு பக்கத்தில் புத்தகம் போட்டிருக்கிறார். அதில் முதல் எழுபது பக்கம் மேகமலை, மூடுபனி, மரத்தில் ஒற்றைக் காகம். கொலை நடந்தது சித்திரை மாதம், காலை பத்தரை மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். அந்த மாதத்தில் எங்கள் ஊரில் மூடுபனியைப் பார்க்க வேண்டுமானால் காலண்டரில்தான் பார்க்க வேண்டும்.

பின்னட்டையில் எழுத்தாளர் கன்னத்தில் கைவைத்து யோசிக்கிறார். கீழே, ஒரு கொலைகாரனின் மனதுக்குள் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் என்று போட்டிருக்கிறது. ரேஷன் கார்டில் அந்த முகவரியைச் சேர்த்துவிட்டாரா என்று தெரியவில்லை. உள்ளே போனால் என் தம்பி அவருக்கு உடன்பிறவாத் தம்பி. கூடப் பிறந்த எனக்கே அவன் அவ்வளவு தம்பியாக இருந்ததில்லை.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு நாள். நான் பள்ளிக்கூட டீச்சர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வாசலில் கார் நின்றது. உங்கள் தம்பியின் மனிதப் பக்கத்தை உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்தேன். அவன் உள்ளே போன நாளிலிருந்து ஊரில் யாரும் அவனைப் பற்றி என்னிடம் நல்லவிதமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. காபி போட்டேன், முறுக்கு வைத்தேன், மூன்று விஷயம் சொன்னேன். சின்ன வயதில் கோயில் திருவிழாவுக்குக் கோழி அறுத்தால் அவன் பின்பக்கம் ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொள்வான். அம்மா செத்தபோது மூன்று நாள் சாப்பிடவில்லை. திராட்சைப் பந்தலில் குருவி கூடு கட்டியிருந்தால் அந்தக் கொடியை மட்டும் வெட்டிக் கவாத்து பண்ண விடமாட்டான்.

மூன்றும் புத்தகத்தில் இருக்கின்றன. கோழி அறுப்பதை அவன் மறைந்து நின்று ரசித்தானாம். அம்மா சாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். குருவிக்கூட்டை அவன் என்ன செய்தான் என்று எழுதியிருப்பதை இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது. அவருக்குக் கூசவில்லை. என் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு, நான் சொன்னதையெல்லாம் சட்டையைத் திருப்புவதுபோல் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிவிட்டார்.

முப்பது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தியவள் நான். படித்துவிட்டு வந்த பிள்ளை அளவாக எழுதும். ஒன்றுமே படிக்காமல் வந்தவன்தான் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அடிஷனல் ஷீட் கேட்பான். இவருக்கு யாரோ முந்நூறு ஷீட் கொடுத்துவிட்டார்கள்.

ஜெயிலில் இருப்பவரைப் பார்க்க மனு எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் பார்ப்பதற்கே மனு என்று பெயர் வந்துவிட்டது. பதினோரு வருஷமாக நான் மனுவுக்குப் போகிறேன். உத்தமபாளையத்தில் பஸ் ஏறி, தேனியில் மாறி, உசிலம்பட்டி வழியாக மதுரை. ஆதார் நகல், வரிசை, சோதனை. முன்பெல்லாம் நடுவில் கம்பி வலை இருக்கும். இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம். நான் சாப்பிட்டாயா என்று கேட்டால் பக்கத்தில் யாருடைய புருஷனோ சாப்பிட்டேன் என்பார். கொரோனாவுக்குப் பிறகு கண்ணாடி வைத்து, பேசுவதற்குப் போன் வைத்தார்கள். எழுத்தாளரின் புத்தகத்திலோ என் தம்பி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து, மெல்லிய குரலில் ரகசியம் சொல்கிறான். எந்தக் கண்ணாடி வழியாகக் கையைப் பிடித்தார் என்று தெரியவில்லை.

புத்தகம் வந்த புதிதில் தம்பியிடமே கேட்டேன். “யாருக்கா அது?” என்றான். ரொம்ப நேரம் யோசித்து, எப்போதோ அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்ததாகவும் தான் பதில் போட்டதாகவும் சொன்னான். கடிதம் கிடைத்தது, நலம், வரும்போது சோப்பும் தேங்காய் எண்ணெயும் வாங்கி வரவும் என்று எழுதினானாம். ஆள் வரவில்லை, சோப்பும் வரவில்லை. புத்தகத்தின் கடைசியில் அந்தக் கடிதத்தைப் படம் பிடித்துப் போட்டு, எங்கள் நீண்டகாலக் கடிதப் போக்குவரத்திலிருந்து என்று எழுதியிருக்கிறார். படத்தில் முகவரிப் பக்கம் மட்டும்தான் தெரிகிறது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நின்று சிரித்தோம்.

நடந்தது இதுதான். எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் கிணறு பொது. முறை வைத்து மோட்டார் போடுவோம். அன்று எங்கள் முறை. பக்கத்துத் தோட்டக்காரர் இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று மோட்டாரை நிறுத்தவில்லை. அவரைத் தம்பி அண்ணன் என்றும் அவர் மனைவியை மதினி என்றும்தான் கூப்பிடுவான், அவர் வீட்டில் பாதி நாள் சாப்பிடுவான். பேச்சு முற்றி, அவர் எங்கள் அம்மாவை இழுத்து ஏதோ சொல்லியிருக்கிறார். இவன் கையில் மண்வெட்டி இருந்தது. இரண்டு அடி. முதல் அடி கோபத்தில் விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். அவர் கீழே சாய்ந்த பிறகு இரண்டாவது அடி ஏன் என்று பதினோரு வருஷமாகக் கேட்கிறேன். “தெரியலக்கா” என்பான். அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் கிடையாது. எழுத்தாளருக்கு மட்டும் அந்த இரண்டாவது அடிக்கு ஒரு அத்தியாயமே கிடைத்திருக்கிறது, அதில் தம்பி மரணத்தைப் பற்றிக் காலேஜ் புரொபசர் மாதிரிப் பேசுகிறான். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை பெயிலானவன்.

அடித்துவிட்டு எனக்குத்தான் போன் செய்தான். “அக்கா, அண்ணன் எந்திரிக்க மாட்டேங்குறாக. நீ வா.” பள்ளிக்கூடத்திலிருந்து ஓடினேன். மோட்டார் ரூம் வாசலில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுது மூக்கு ஒழுகியிருந்தது. பயத்தில் வேட்டியெல்லாம் நனைந்திருந்தது. புத்தகத்தில் அவன் அந்த நேரத்தில் ஒரு பீடியைப் பற்றவைத்து மலையைப் பார்த்துப் புன்னகைக்கிறான். என் தம்பிக்குப் பீடிப் பழக்கமே கிடையாது.

இதோடு போயிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். போன வருஷம் தம்பியின் முன்விடுதலை மனு விசாரணைக்கு வந்தது. நன்னடத்தை அதிகாரி ஊருக்கு வந்து விசாரிப்பார், செத்தவர் குடும்பத்தில் ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்பார். செத்தவருடைய மனைவியிடம் நான் போய்க் கேட்கவில்லை, கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது. அந்தம்மாவாகவே கோயில் வாசலில் என்னை நிறுத்தி, வந்துவிட்டுப் போகட்டும், என் கண்ணில் படாமல் இருந்தால் சரி என்றார். அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த மாதமே எழுத்தாளர் ஒரு வீடியோவில் உட்கார்ந்தார். கறுப்புச் சட்டை, பின்னால் சிவப்பு விளக்கு. குரலைத் தாழ்த்தி, இதுவரை புத்தகத்தில்கூட எழுதாத ஒன்றைச் சொல்கிறேன் என்றார். வெளியே வந்தால் இன்னும் ஒரு ஆள் பாக்கி இருக்கிறது, இதை அவன் என்னிடம் மட்டும்தான் சொன்னான் என்றார். பேட்டி எடுத்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். லட்சக்கணக்கில் பார்த்தார்கள்.

அந்தம்மாவும் பார்த்துவிட்டார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு கேட்டில் வந்து நின்றார். அவருக்கு ஒரே மகன், இப்போது அவன்தான் தனியாக அந்தத் தோட்டத்தைப் பார்க்கிறான், அதே மோட்டாரைப் போடுகிறான். “பாக்கி இருக்கது எம்மகனா டீச்சர்?” என்று கேட்டார்.

புத்தகம் எழுதிய ஆள் வாய் கூசாமல் அளந்துவிடுகிறான், என் தம்பியை அவன் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்தேன். அந்தம்மா கோபப்படவில்லை. அப்படியானால் அப்படிச் சொல்லவில்லை என்று உங்கள் தம்பி கைப்பட ஒரு வரி எழுதித் தரட்டும், அதைப் பார்த்துவிட்டு அதிகாரிக்குப் பதில் சொல்கிறேன் என்றார். இதைவிட நியாயமாக யார் கேட்பார்கள்? மறுநாளே லீவு போட்டு மதுரைக்குப் போனேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்தவன் நடையே மாறியிருந்தது. மனுவுக்கு வந்த யாரோ வீடியோ பற்றிச் சொல்ல, அது பிளாக் முழுவதும் பரவிவிட்டதாம். இப்போது எல்லோரும் அவனை அண்ணே என்கிறார்களாம், குளிக்கத் தண்ணீர் முதலில் அவனுக்குத்தான் விடுகிறார்களாம். எழுத்தாளர் தன்னைத் தனி ரூமில் வந்து பார்த்ததாக அவனே சொல்லி வைத்திருக்கிறான். நான் அந்தம்மா கேட்ட ஒரு வரியைச் சொன்னேன்.

“அப்ப அன்னைக்கு ஒக்காந்து அழுதேன்னும் எழுதணுமாக்கா?” என்றான்.

அதை யாரும் எழுதச் சொல்லவில்லை, இன்னொரு ஆள் பாக்கி என்று நீ சொல்லவில்லை என்பதை மட்டும் எழுது என்றேன். முடியாது என்றான். நான் விடவில்லை. சரி, அந்த இன்னொரு ஆள் யாருடா என்று கேட்டேன்.

“யாரா இருந்தா என்ன. கேக்குறவன் பயப்படணும்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு புத்தகத்தில் வருகிற சிரிப்பு. ஒரு பொய்யன் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஆளை ஜோடித்தான், என் தம்பி மதுரையில் இருந்துகொண்டு அந்த ஆளாக மாறிக்கொண்டிருந்தான். இரண்டு பேரையும் செருப்பால் அடிக்கத் தோன்றியது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு யோசனை வந்தது. அவன் கையெழுத்து எனக்கு அத்துப்படி, அ ஆ எழுதப் பழக்கியவளே நான்தான். அந்த ஒரு வரியை நானே எழுதிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உசிலம்பட்டியில் பேனாவை எடுத்தேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்வரை வெள்ளைத் தாளை மடியில் வைத்திருந்தேன். அப்புறம் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டேன். எழுதினால் எனக்கும் அந்த எழுத்தாளருக்கும் என்ன வித்தியாசம்?

அந்தம்மா வீட்டுக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். எழுத்தாளர் அவனைப் பார்த்ததில்லை, இவன் அவரிடம் எதுவும் சொன்னதில்லை, ஆனால் இன்று நான் கேட்டதற்கு இப்படிச் சொல்லிச் சிரித்தான் என்றேன்.

“ஒங்களுக்கு என்ன தோணுது டீச்சர்? செய்வானா?”

“மாட்டான்னுதான் தோணுது. ஆனா அன்னைக்குக் காலையில கேட்டிருந்தாலும் மாட்டான்னுதான் சொல்லியிருப்பேன்.”

அவர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார். முன்விடுதலை மனு தள்ளுபடி ஆனது. எழுத்தாள நண்பர் சும்மா இருப்பாரா? உடனே இன்னொரு வீடியோ போட்டார். சொந்த ரத்தமே கைவிட்ட ஒரு மனிதனுக்கு இன்று நான் மட்டும்தான் துணை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். புத்தகம் மூன்றாம் பதிப்பு வருகிறதாம்.

அதற்கு அடுத்த மனுவுக்குப் போனேன். வரமாட்டான் என்று நினைத்தேன், வந்தான். மூன்று நாள் தாடி. போனை எடுத்து, “மதினிகிட்ட நீதான் சொன்னியாம்ல?” என்றான். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நான் நகரவில்லை. வெகு நேரம் கழித்துத் திரும்பி மறுபடி போனை எடுத்தான்.

“மதினி என்ன சொன்னாக?”

“மகனத் தோட்டத்துக்குத் தனியா விடப் பயமா இருக்குன்னு சொன்னாக.”

“யாருக்குப் பயந்துக்கிட்டு?” என்றான். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

“ஒனக்குத்தாண்டா.”

அவன் முகத்தில் இருந்த சிரிப்புக்காரன் காணாமல் போனான். நேரம் முடிந்ததால் லைனைத் துண்டித்துவிட்டார்கள். அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கண்ணாடிக்கு மிக அருகில் வந்து நின்றான். வாய் அசைந்தது. இரண்டு தடவை எதையோ சொன்னான். பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மாள் என் தோளைத் தட்டி இடம் கேட்டாள். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது.